இல்லாமல் போன 6.12

முந்தின இரவு பத்து மணிக்குள் ஒரு ரயிலைப் பட்டியலிலிருந்து அழித்துவிட்டால், அது ரத்தானதாகவே கணக்கில் வராது. அப்படியொரு ரயில் இருந்ததே இல்லை. எங்கள் ரயில் கம்பெனி இந்த வித்தையில்தான் ஆறு வருடம் பிழைத்தது. அழிக்கும் விரல் என்னுடையது. குடும்பத்திலேயே முதலாவதாகப் பல்கலைக்கழகம் போனவள் படித்துக் கிழித்தது இதைத்தான்.

அழித்த ரயில்கள் என் தூக்கத்தில் ஓடும். வட இங்கிலாந்தின் பென்னைன் மலைச்சரிவில் மூடுபனிக்குள், விளக்கெரியும் பெட்டிகள் சத்தமே இல்லாமல் போகும். ஆடுகள் தலைதூக்கிப் பார்க்கும். கடைசி ஜன்னலில் அம்மா, மடியில் சாண்ட்விச் டப்பாவோடு.

அம்மாவின் பெயர் டெனிஸ். ஆஸ்பத்திரியில் வார்டு துடைப்பவள். ஹாலோபெக் ஸ்டேஷனில் காலை 6.12 ரயிலைப் பிடித்தால்தான் ஏழு மணிக்கு அங்கே நிற்க முடியும். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. தாமதமாகப் போனதற்கு இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் வாங்கிவிட்டாள். மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். அந்த ரயிலை அழிப்பது யாரென்று நான் அவளிடம் சொன்னதில்லை.

ஒரு ஞாயிறு விடியலில் கம்பெனி அரசாங்கத்தின் கைக்குப் போனது. மதியம் கட்டுப்பாட்டு அறையில் கேக் வெட்டினார்கள். வெளியே மழை கண்ணாடியில் வழிந்து, தண்டவாளங்கள் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல நெளிந்தன. மேலதிகாரி நெவில் என் மேசைக்கு வந்தார், மீசையில் கிரீமோடு.

"நாளைக்கு 6.12ல போக கார்டு வேலைக்கு ஆளு இல்ல கண்ணு. பட்டியல்லேர்ந்து தூக்கிடு."

"இன்னிலேர்ந்து நாம கவர்ன்மென்ட்டு, நெவில்."

"சட்டைதான் மாறிருக்கு. உள்ள அதே தொப்பதான்." வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

"நான் அழிக்க மாட்டேன். ரத்துன்னு எல்லார் கண்ணுக்கும் தெரியட்டும்."

"மொத நாளே மானத்த வாங்காத, மார்னி."

பட்டியலை அப்படியே விட்டேன். ஜெயித்துவிட்ட மாதிரி ஒரு நிமிடம் இருந்தது. பிறகுதான் உறைத்தது. ரத்து என்று நேர்மையாகக் காட்டினாலும் அம்மா அதே பிளாட்பாரத்தில்தான் நிற்பாள். என் நேர்மை அவளை வார்டில் கொண்டுபோய் விடாது.

மேசை இழுப்பறையின் அடியில் என் பழைய கதவுச் சாவியும் விசிலும் கிடந்தன. இந்த வேலைக்கு வரும் முன் அதே பாதையில் கார்டாக இருந்தேன். என் தகுதிச் சான்று மாதக் கடைசி வரை செல்லும்.

"நானே போறேன்."

"ஆபீஸ் ஆளு நீ."

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஷிப்ட் முடியுது. நடுவுல பன்னெண்டு மணி நேரம் ஓய்வு வேணும், அவ்வளவுதான? காலைல அஞ்சரைக்கு வந்தா சட்டப்படி சரி."

நெவில் விரல்விட்டு எண்ணினார். "பன்னெண்டரை," என்றார் சலிப்போடு. "யாராச்சும் கேட்டா நான் கேக்குதான் தின்னுட்டிருந்தேன்."

காலையில் பனி அப்படி இறங்கியிருந்தது. பாலுக்குள் போவதுபோல ரயில் போயிற்று. இது தூக்கமா என்று சாவியை உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தேன். வலித்தது. ஹாலோபெக்கில் கதவைத் திறந்தேன். வெள்ளைக்குள்ளிருந்து முதலில் டப்பா வந்தது, பின்னாலேயே அம்மா.

"என்னடி வேஷம் இது, விசிலும் சாவியுமா?"

"கார்டு இல்லம்மா. அதான் வந்தேன்."

"ரெண்டு நிமிஷம் லேட்டு. அரசாங்கம் வந்தும் திருந்தல பாரு."

அவள் உள்ளே கால் வைத்தாள். அதற்கு மேல் தாங்கவில்லை.

"இத்தன நாள் இந்த ரயில அழிச்சது நான்தான்மா."

அம்மா திரும்பிப் பார்த்தாள். பனி கதவு வழியே பெட்டிக்குள் வந்து எங்கள் இருவர் முழங்கால் வரை ஏறி நின்றது.

"மழையில நின்னிருக்கேன்டி."

"தெரியும்மா."

"தெரியாது. நீ நின்னதில்ல." டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ஏழு மணிக்கு வார்டு. கதவச் சாத்து."

சாத்தினேன். கிளம்பச் சொல்லி டிரைவருக்கு இருமுறை மணி அடித்தேன். சரிவில் ஆடுகள் தலைதூக்கிப் பார்த்தன. இந்த முறை சத்தம் கேட்டது.