இன்னும் அரைக் கிலோ

கறிக்கடைத் தராசுக் கொக்கியில் சைக்கிள் தலைகீழாகத் தொங்கியது. பக்கத்துக் கொக்கியில் அரைப் பன்றி.

"எந்தப் பக்கம் வெட்டட்டும் நானி? தொடையா, விலாவா?" என்றாள் கடைக்காரி. நேபாளத்தின் பேனி கடைத்தெருவில் அவளை எல்லோரும் சாஹுனி, அதாவது கடைக்காரம்மா, என்றுதான் கூப்பிடுவார்கள்; அவளுக்குச் சின்னப் பெண்கள் எல்லோரும் நானி.

ஜுனு சிரிக்கவில்லை. முள் பதிமூன்றரைக் கிலோவில் நின்று ஆடியது.

"போன தடவைக்கு இப்ப நல்லா இளைச்சிருக்கு. சைக்கிளைச் சொல்லல, உன்னைச் சொன்னேன். கொஞ்சம் கறி போடட்டுமா? காசு அப்புறம் குடு."

"வேணாம் சாஹுனி. பந்தயம் முடியட்டும்."

பந்தயத்தின் கடைசி நாளில் முஸ்தாங் பக்கத்துக் கணவாய் ஒன்றைத் தாண்ட வேண்டும். மேலே மிதிக்க வழி கிடையாது. சைக்கிளை முதுகில் போட்டுக்கொண்டு பனியில் ஏற வேண்டும். நண்பகலானதும் உச்சியில் கயிறு கட்டிவிடுவார்கள். பிந்தியவர்கள் வந்த வழியே இறங்க வேண்டியதுதான். போன வருடம் ஜுனுவின் முகத்துக்கு நேரே அந்தக் கயிற்றைக் கட்டினார்கள். தேசிய அணி முகாமுக்கு, கணவாயைத் தாண்டிய பெண்களிலிருந்துதான் ஆள் எடுப்பார்கள். வயது வரம்பின்படி இது அவளுக்குக் கடைசி வாய்ப்பு.

சைக்கிள் முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்தது. தன் நாட்டுக்குத் திரும்பிய வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம் அவளும் தம்பி டேக்கும் சேர்ந்து வாங்கியது. பந்தயத்துக்கு அவள் எடுப்பாள். சுற்றுலா சீசனில் அவன் அதில்தான் பயணிகளை மலைப்பாதைகளில் கூட்டிப்போவான். வாங்கியபோது பதினைந்து கிலோவுக்கு மேல் இருந்தது.

காசு இருப்பவர்கள் கனமான பாகத்தைக் கழற்றி இலேசானதை மாட்டுவார்கள். ஜுனுவால் கழற்றத்தான் முடிந்தது. மணி, ஸ்டாண்டு, தண்ணீர் பாட்டில் கூடு. டியூப்களை உருவிவிட்டு டயருக்குள் துளையை அடைக்கும் ஒட்டுப்பால் ஊற்றினாள். முன்பக்கப் பல்சக்கரம் மூன்றில் இரண்டு போயின. கடைசியில் பின்பக்க இரும்பு ஸ்பிரிங்கையே எடுத்துவிட்டு, பட்டறையில் கடைந்த அலுமினியத் தண்டு ஒன்றை அந்த இடத்தில் பொருத்தினாள். குலுக்கல் முழுவதும் முதுகெலும்புக்கு வந்தது. ஸ்பிரிங்கைத் துணியில் சுற்றிக் கட்டிலடியில் வைத்தாள். பந்தயம் முடிந்ததும் டேக்குக்குத் திருப்பி மாட்ட வேண்டும்.

ஊருக்கு மேலே கோயிலுக்குப் போகும் கல் படிகளில்தான் பயிற்சி. மழைக்காலத்தில் கூடையில் பதினாலு கிலோ கல்லை வைத்துக்கொண்டு உச்சி வரை ஏறியிருக்கிறாள். இப்போது பதிமூன்றரைக் கிலோ சைக்கிளோடு பாதிப் படியில் முழங்கால் மடங்கியது. சுவரைப் பிடித்தபடி நின்றாள். கண் இருட்டியது. எடை குறையக் குறைய அவளுக்குக் கனம் கூடியது. ஏனென்று புரியவில்லை. இன்னும் அரைக் கிலோ குறைந்தால் ஏறிவிடலாம் என்று மட்டும் தோன்றியது.

வீட்டுக்கு வந்து சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கழற்ற ஒன்றும் மிச்சமில்லை. வெட்டத்தான் இருந்தது.

சீட்டுக்குக் கீழே இருக்கும் குழாய் நீளமானது. டேக் அவளைவிட ஒரு தலை உயரம். அவன் அதை மேலே இழுத்து வைத்து ஓட்டுவான். அவள் ஓட்டும்போது பாதிக்கு மேல் சட்டத்துக்குள் சும்மா கிடக்கும். அந்த அளவுக் குழாய் காட்மாண்டுவில்கூடக் கிடைக்காது.

டேக்குக்குப் போன் செய்தாள். அவன் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிடாமல், ஆக்ஸா பிளேடை எடுத்தாள்.

மறுநாள் டேக் வந்தான். தரையில் கிடந்த துண்டைக் கையிலெடுத்துப் பார்த்தான்.

"என்ன தீதி இது?"

"சீட்டுக் குழாய்."

"தெரியுது. எவ்வளவு குறைஞ்சுது?"

"நூறு கிராம் இருக்கும்."

"ரெண்டு முட்டை. ரெண்டு முட்டைக்காக என் சோத்துல கை வெச்சிட்டே. பந்தயம் முடிஞ்ச மறுநாளே ஜெர்மன்காரங்க வர்றாங்க. சர்க்கஸ் கரடி மாதிரி முழங்கால்ல மூக்கை இடிச்சுக்கிட்டா வழி காட்டுறது?"

"ஏற முடியலடா. எதைக் கழட்டினாலும் ஏற முடியல."

"பதினாலு கிலோ கல்லைத் தூக்கிட்டுப் போனவதானே நீ? இது அதைவிடக் கம்மி."

டேக் அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். பிறகு அடுப்படிக்குப் போனான். சட்டிகள் கவிழ்ந்து கிடந்தன. சாம்பல் ஆறிப்போயிருந்தது.

"நேத்து என்ன சாப்பிட்டே?"

"டீ."

"அதுக்கு முந்தின நாளு?"

"ஒரு கை அவல்." அவள் தலையைத் தூக்கவில்லை. "என் எடையும் குறைஞ்சா நல்லதுன்னு... அதுக்குக் காசு செலவில்லையே."

"இழுக்குற மாட்டைப் பட்டினி போட்டுட்டு வண்டியைச் செதுக்கிட்டு இருந்திருக்கே. நீயெல்லாம் படிச்சவ!" குழாய்த் துண்டை மூலையில் வீசிவிட்டு வெளியே போனான். திரும்பி வந்தபோது கையில் சாஹுனி கடைப் பொட்டலம் இருந்தது. அடுப்பை மூட்டினான். சோறு போட்டான், கறி போட்டான், மறுபடி சோறு போட்டான். அவள் அழுதுகொண்டே தின்றாள்.

பந்தயத்துக்குச் சில நாட்களே இருந்தன. அதற்குள் உடம்பு எவ்வளவு மீளும் என்று அவளுக்குத் தெரியாது. வேளாவேளைக்குத் தின்றாள். படிகளின் பக்கமே போகவில்லை. ஏறிப் பார்க்கப் பயமாக இருந்தது.

பந்தயத்தின் கடைசி நாள் கணவாயில் பனி முழங்காலளவு கிடந்தது. சட்டம் தோள்பட்டையை அறுத்தது. சைக்கிள் அன்றும் கனமாகத்தான் இருந்தது. ஆனால் கண் இருட்டவில்லை. உச்சியில் ஒருவர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

"வா வா வா! நிக்காதே!"

அவள் அவரைத் தாண்டி விழுந்தாள். எழுந்தபோது பின்னால் கயிறு இறுகும் சத்தமும், "ஒரே ஒரு நிமிஷம் அண்ணா" என்று கெஞ்சும் ஒரு பெண்ணின் குரலும் கேட்டன. ஜுனு திரும்பிப் பார்க்கவில்லை.

பந்தயம் முடியும் முக்திநாத்தில் டேக் காத்திருந்தான். ஓட்ட சைக்கிள் இல்லாததால் ஜெர்மன்காரர்களைக் கூட்டிப்போகும் வேலை வேறொருவனுக்குப் போயிருந்தது. அதனால்தான் அவனால் வர முடிந்தது. கேட்கும் முன்பே அவள் தலையாட்டினாள். அவன் அவள் தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினான். பிறகு சைக்கிளை வாங்கிக்கொண்டான்.

"ஒரு தடவை ஓட்டிப் பாக்குறேன், குடு."

முழங்கால்கள் நெஞ்சை முட்ட, கோணலாக மிதித்துக்கொண்டு விடுதி வரை போனான். வாசலில் நின்ற பயல்கள் கைதட்டிச் சிரித்தார்கள். அவனும் ஒரு கையைத் தூக்கி அவர்களுக்கு வணக்கம் வைத்தான்.

ஜுனு ஷூவைக் கழற்றும் சாக்கில் முகத்தை மறைத்துக் குனிந்துகொண்டாள்.