மேற்குச் சுவர்

பத்ரிநாராயணன் ஐம்பத்தாறு வயது வரை வாடகை வீட்டிலேயே இருந்தவர். மயிலாப்பூரில் சித்திரைக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், ஐந்து குடித்தனங்கள் இருந்த வீட்டின் பின்கட்டில் இருபத்திரண்டு வருஷம். ஒரு கூடம், ஒரு சமையலறை, ஐந்து வீட்டுக்கும் பொதுவாக ஒரு குழாய். கிண்டியில் பம்பு தயாரிக்கிற ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்டார். அவர் அலமாரியில் ஒரு போல்ட் கூட இடம் மாறி இருக்காது என்று கம்பெனியில் சொல்வார்கள். அந்தப் பேச்சில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

தொண்ணூற்று நாலு தை மாதம் வீட்டுக்காரர் வந்து, வீட்டை இடித்து ஃபிளாட் கட்டக் கொடுத்துவிட்டதாகவும், அடுத்த தைக்குள் எல்லோரும் காலி செய்தால் உபகாரமாக இருக்கும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். பத்ரிநாராயணனுக்கு ஆதம்பாக்கத்தில் ஒரு மனை இருந்தது. பதினாலு வருஷத்துக்கு முன் வாங்கிப்போட்டது. முப்பதடி அகலம். வருஷத்துக்கு ஒரு தடவை போய் முள்ளை வெட்டிவிட்டு வருவார். அதில் வீடு கட்டுவது என்று அன்று சாயங்காலமே முடிவாயிற்று.

அவர் மனைவி கோமளம் சமையலறை கிழக்குப் பார்த்து இருக்க வேண்டும் என்றாள். மகள் சாருலதா உடனே ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமாகி நாக்பூரில் மூன்று வருஷம் இருந்துவிட்டு, ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள் அவள். இருபத்தேழு வயது. தி.நகரில் ஒரு ஆடிட்டரிடம் டைப்பிஸ்ட். கூடத்தில் கயிறு கட்டி, பழைய புடவை ஒன்றைத் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் படுத்துக்கொள்வாள். குழாயடிக்கு வருகிற பெண்கள் போகிறபோக்கில் புடவைக்கு மேலாக எட்டிப் பார்ப்பார்கள். அவளிடமே கேட்பார்கள்: மாப்பிள்ளையிடமிருந்து கடிதாசு வந்ததா?

வீட்டுக்குப் படம் வரைகிறவர் வந்த அன்றுதான் வாயைத் திறந்தாள்.

"எனக்குன்னு ஒரு ரூம் வேணும்ப்பா. பெரிசா வேண்டாம். கதவச் சாத்திண்டா யாரும் வந்து தட்டப்படாது. அவ்வளவுதான்."

பத்ரிநாராயணன் அதை மறக்கவில்லை. கிழக்கே வழிவிட்டு, நடுவில் கூடமும் சமையலறையும் போட்டது போக, மேற்கில் எல்லையை ஒட்டி ஆறரை அடி அகலத்தில் ஓர் அறை வந்தது. அந்தப் பக்கம் இடம் விடாமல் எல்லைக்கோட்டிலேயே சுவர் எழுப்பினால்தான் அதுவும். பக்கத்து மனை காலி. அதன் சொந்தக்காரர் யாரென்று அவர் விசாரித்ததில்லை.

வைகாசியில் வாஸ்து நாள். அதை விட்டால் ஆவணிதான், ஆடியில் யாரும் கடைக்கால் போட மாட்டார்கள். மேஸ்திரி பொன்னுரங்கம் ஒரு நாள் முன்னாலேயே வந்து நூல் பிடித்தார். அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்து வளர்ந்த மனிதர், இப்போது வேளச்சேரிப் பக்கம் குடியிருந்தார். அவர் மனைவி ரத்னாவும் அவரோடு சித்தாள் வேலைக்கு வருவாள். டேப்பின் ஒரு முனையை அவள் பிடித்துக்கொண்டாள். மேற்கு மூலையில் பாதி புதைந்திருந்த எல்லைக்கல் வரைக்கும் அளந்தால் முப்பத்திரண்டு அடி வந்தது. பொன்னுரங்கம் திரும்பவும் அளந்தார்.

"சார், பத்திரத்துல முப்பதுதான போட்டுக்கீது? இந்தக் கல்லு இன்னாமோ நகுந்து கீது. மண்ணு லாரிக்காரன் எவனாச்சும் இடிச்சிருப்பான். சர்வேயர இட்டாந்து பாத்துட்டா நல்லது."

பத்ரிநாராயணன் கல்லைப் போய்ப் பார்த்தார். லேசாகச் சாய்ந்திருந்தது. சர்வேயர் என்றால் மனு கொடுக்க வேண்டும், நடக்க வேண்டும், ஒரு மாதமாவது ஆகும். நாளைக்கு வாஸ்து. இரண்டடி அதிகம் கிடைத்தால் கூடத்தில் ஓர் அடி, சாருவின் அறையில் ஓர் அடி. இதெல்லாம் மனதில் ஓடியது ஒரு நிமிஷத்துக்குள்தான்.

"ரெண்டடி ஜாஸ்தியா இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே மேஸ்திரி. கல் எங்க இருக்கோ அதான் எல்லை. போடுங்கோ," என்றார்.

பொன்னுரங்கம் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, முளைக்குச்சியை அடித்தார்.

அதற்குப் பிறகு நாலு மாதம் அவருக்கு வேறு நினைப்பில்லை. கிணறு வெட்டினால் உப்புத் தண்ணீர் வந்தது. அதில் சுவர் கட்டினால் உப்புப் பூத்துப் போகும் என்று பொன்னுரங்கம் சொல்ல, லாரித் தண்ணீருக்குச் சொல்லிவிட்டுத் தெருமுனையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. கொட்டின மணலில் பாதி காலையில் இருக்காது. தச்சர் நிலைக்கு மரத்தை இழைத்துப் போட்டுவிட்டுப் பத்து நாள் காணாமல் போனார். மின்சார இணைப்புக்கு நடந்து நடந்து ஒரு செருப்பு தேய்ந்தது. கம்பெனி விட்டதும் நேரே மனைக்கு வந்து, புதுச் சுவர்களுக்கு அவரே பக்கெட்டில் மொண்டு தண்ணீர் ஊற்றுவார். பஸ் மாறி மயிலாப்பூர் போய்ச் சேரும்போது தட்டில் சோறு ஆறியிருக்கும். கோமளம் சில நாள் எழுந்து வருவாள், சில நாள் எழுந்து வரமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாருவும் வருவாள். கூரையில்லாத தன் அறைக்குள் போய் நின்று பார்ப்பாள். ஜன்னலைத் தெருப்பக்கம் வைக்காமல் பின்பக்கம் வைக்கச் சொன்னாள். ஒரு நாள் ரத்னாவோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாள். பத்ரிநாராயணன் சாரத்துக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டார். அவள் நாக்பூரிலிருந்து வந்த பிறகு சிரித்து அவர் கேட்டதில்லை.

ஆவணிக் கடைசியில், கூரை போடப் பலகை அடித்துக் கம்பி கட்டிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை, குடையும் ஒரு ரெக்ஸின் பையுமாக ஒரு பெரியவர் வந்து நின்றார். பெயர் ஷரீஃப். ராயப்பேட்டையில் தையல் கடை வைத்திருந்தவர். பக்கத்து மனை அவருடையது. பையிலிருந்து பத்திரத்தை எடுத்தார்.

"நான் சண்டைக்கு வரலை சார். நேத்து வந்து அளந்தேன். எனக்கு இருபதடி. பதினெட்டுதான் இருக்கு. உங்க சுவர் என் இடத்துல நிக்குது."

பத்ரிநாராயணன் அவரை மேற்கு மூலைக்கு அழைத்துப் போனார். கல்லைக் காட்டினார். கல் இருக்கிற இடத்தில்தான் கட்டியிருக்கிறேன் என்றார். குரல் உயர்ந்தது அவருக்கே தெரிந்தது. சந்தேகமிருந்தால் அரசாங்க சர்வேயரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஷரீஃப் கொஞ்ச நேரம் வெயிலில் நின்றிருந்தார். அப்புறம் சாரத்தின் கீழே பொன்னுரங்கத்தோடு ஏதோ பேசிவிட்டுப் போனார்.

சர்வேயர் வர மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை வேலை நின்றது. கட்டின கம்பி மழையில் துருவேறியது. பலகைகள் உப்பின. சர்வேயர் தெருமுனையிலிருந்து சங்கிலி போட்டுக்கொண்டே வந்து, மேற்குச் சுவருக்கு இரண்டடி உள்ளே, சாருவின் அறைக்குள் தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். யாரும் எதிர்த்துப் பேச அதில் ஒன்றுமில்லை.

அந்த இரண்டடியை விலைக்குக் கேட்டுப் பார்க்கலாம் என்று கோமளம் சொன்னாள். பத்ரிநாராயணன் மறுநாளே பழம் வாங்கிக்கொண்டு ராயப்பேட்டைக்குப் போனார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு மாடியில் ஒற்றை அறை. அதிலேயே இரண்டு தையல் மெஷின், ஒரு கட்டில், சுவர் முழுக்கத் துணி மூட்டை. ஷரீஃபின் மனைவி ஜைதூன் பீ மெஷினை நிறுத்திவிட்டு டீ போட்டுக் கொடுத்தாள். அவர் விஷயத்தைச் சொன்னார். பாதியிலேயே ஷரீஃப் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். இருபதடி மனையில் இரண்டடி போனால் படிக்கட்டுக்கு இடமில்லை. மேலே மகன் குடும்பத்துக்கு ஓர் அறை போட வேண்டும். மன்னிக்கணும் என்றார்.

ஜைதூன் பீதான் கேட்டாள். "கல்லு நகர்ந்திருக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியாதா?"

"தெரியாதும்மா," என்றார் பத்ரிநாராயணன். யோசிக்காமல் வந்துவிட்டது.

அவள் ஷரீஃபைப் பார்த்தாள். ஷரீஃப் கீழே பார்த்தார். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

ஷரீஃப் மாடிப்படி வரைக்கும் கூட வந்தார். படி இருட்டாக இருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சின்னக் குரலில் சொன்னார்.

"மேஸ்திரி எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டாரு சார். அவருக்கு மனசு உறுத்திட்டு இருந்திச்சி. நீங்க உள்ள வேற மாதிரி சொன்னீங்க. பரவால்ல, நான் யார்கிட்டயும் பேசமாட்டேன். சுவர மட்டும் எடுத்துடுங்க."

பத்ரிநாராயணன் பஸ் ஏறாமல் மயிலாப்பூர் வரை நடந்தே வந்தார். பொன்னுரங்கத்தின் மேல் கோபப்பட முயன்று பார்த்தார். முடியவில்லை. இத்தனை வருஷம் தன்னைப் பற்றிக் கம்பெனியில் சொன்னதை நம்பிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்து, கச்சேரி ரோடு மூலையில் ஒரு கடை வாசலில் சிறிது நேரம் நின்றுவிட்டார். வீட்டில், அவர்கள் கொடுக்க மாட்டார்கள் என்று மட்டும் சொன்னார்.

சுவரை இடித்தது ஐப்பசி முதல் வாரத்தில். விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. பொன்னுரங்கமும் இன்னும் இரண்டு பேரும் மேலிருந்து தட்டிக்கொண்டே வந்தார்கள். ரத்னா முழுசாக விழுந்த செங்கல்களைக் கொத்துக்கரண்டியால் சுரண்டி அடுக்கினாள். இடிப்பதற்கு இரண்டு நாள்கூட ஆகவில்லை. சாரு ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. வழிநடையில் குடையோடு நின்றிருந்தாள்.

சுவரை உள்ளே தள்ளிக் கட்டினால் அறை ஐந்தரை அடிதான். பொன்னுரங்கம் கைகளைத் துடைத்துக்கொண்டு பத்ரிநாராயணனிடம் வந்தார்.

"சார், ஒரு வழி கீது. கூடத்துச் செவுத்தையும் ஒரு அடி அந்தாண்ட தள்ளிட்டா பாப்பா ரூமு மொதல்ல போட்ட அளவுக்கு வந்துரும். கூரை இன்னும் போடல. ஒரு வாரத்து வேலை. கூலி நான் கேக்கமாட்டேன்."

பத்ரிநாராயணன் கூடத்தைப் பார்த்தார். கூரைக்கு அடித்த பலகை கலையாமல் நின்ற ஒரே இடம் அதுதான். கோமளம் ஊஞ்சலுக்கு இடம் பார்த்து வைத்திருந்தாள். மழை வலுக்கப்போகிறது. தை வரப்போகிறது. இன்னொரு சுவரை இடிக்கிற சத்தத்தை இனி அவரால் கேட்க முடியாது. சரி என்று சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

"கூடம் ரொம்பச் சின்னதாப் போயிடுமே," என்றார் கடைசியில்.

பொன்னுரங்கத்துக்குப் பின்னால் சாரு நின்றிருந்தாள்.

"வேண்டாம் மேஸ்திரி. அது அப்படியே இருக்கட்டும்," என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. ரத்னா கையிலிருந்த செங்கல்லைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள்.

அன்று பஸ்ஸில் அப்பாவும் பெண்ணும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். சைதாப்பேட்டை தாண்டும்போது பத்ரிநாராயணன், கல் நகர்ந்திருந்தது தனக்கு முன்னாலேயே தெரியும் என்று சொன்னார். மேஸ்திரி எச்சரித்தும் தான்தான் கட்டச் சொன்னதாகச் சொன்னார். உனக்காகத்தான் என்று சேர்த்துக்கொள்ள நினைத்து, அது முழுக்க நிஜமில்லை என்பதால் விட்டுவிட்டார். சாரு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "ரத்னா சொன்னாப்பா. அப்பவே தெரியும்," என்றாள்.

கார்த்திகையில் அவள் தி.நகரிலேயே வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஒரு விடுதியில் இடம் பிடித்துக்கொண்டாள். ஓர் அறைக்கு இரண்டு பேர். கோமளம் அழுதாள், சண்டை போட்டாள். ஆபீசுக்குப் பக்கம் என்று சாரு எல்லோரிடமும் சொன்னாள். பெட்டியைப் பத்ரிநாராயணன்தான் ஆட்டோவில் ஏற்றினார்.

தை பிறந்ததும் கிரகப்பிரவேசம் நடந்தது. மயிலாப்பூர் வீட்டின் மற்ற நாலு குடித்தனக்காரர்களும் வந்து, வீடு லட்சணமாக இருக்கிறது என்றார்கள். ஷரீஃப் வந்து ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்துவிட்டு, பழம் மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். பொன்னுரங்கத்துக்கும் ரத்னாவுக்கும் பத்ரிநாராயணன் வேட்டி புடவை வைத்துக் கொடுத்தார். பொன்னுரங்கம் வாங்கிக்கொண்டார், உட்கார்ந்து சாப்பிடவில்லை. வேறு இடத்தில் வேலை இருக்கிறது என்றார்.

சாரு காலையில் வந்து கோலம் போட்டு, பந்தி பரிமாறி, பாத்திரம் கழுவப் போட்டுவிட்டு, ஐந்து மணிக்குப் புடவை மாற்றிக்கொண்டாள். பத்ரிநாராயணன் பஸ் ஸ்டாப் வரைக்கும் போனார். தெரு இன்னும் மண் தெருதான். மழையில் விழுந்த பள்ளங்களைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள்.

"அங்க சாப்பாடு எப்படிம்மா?" என்று கேட்டார்.

"பரவாயில்லப்பா. காரம்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

"ஆபீசுக்கு இங்க இருந்தும் பஸ் இருக்கு. கிண்டியில மாறினாப் போறும்."

"தெரியும்ப்பா."

பஸ் வந்தது. அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று சொல்லி ஏறிக்கொண்டாள். அடுத்த ஞாயிறு வந்தாள். அதற்கப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு மாதத்துக்கு ஒரு தடவை. வந்தால் கூடத்திலேயே உட்கார்ந்து பேசிவிட்டுப் போய்விடுவாள். ஐந்தரை அடி அறையில் கோமளம் அரிசி டிரம்மையும், கல்யாணத்துக்குக் கொடுத்து நாக்பூரிலிருந்து திரும்பி வந்த பாத்திரங்களையும் வைத்துப் பூட்டினாள். பங்குனியில் பத்ரிநாராயணனுக்கு ரிடையர்மென்ட். வீட்டில் நாள் முழுக்க இருக்க வேண்டி வந்தபோது, அவர் பெரும்பாலும் வாசல் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்து கூடத்தில் உட்காரச் சொல்லிக் கோமளம் கூப்பிட்டால், இங்கே காற்று வருகிறது என்பார்.