மத்தியானப் பாட்டில் ஒரு சாவுச் செய்தி

ஃபர்ஹானா அரசு வானொலியில் பகுதிநேர அறிவிப்பாளர். கூனிமேட்டிலிருந்து பஸ் பிடித்துப் புதுச்சேரிக்குப் போய், புதனும் சனியும் 'மத்தியானப் பாட்டு' என்ற நேரலை நிகழ்ச்சியை நடத்தினாள். நேயர்கள் போன் செய்து சினிமாப் பாட்டு கேட்பார்கள். பேர், ஊர், என்ன வேலை, எந்தப் பாட்டு, யாருக்காக. அதற்கு மேல் கேட்க நேரமும் கிடையாது, அனுமதியும் கிடையாது. முகம் தெரியாத எத்தனையோ பேரை அவளுக்குக் குரலால் மட்டும் தெரியும்.

அவர்களில் ஒருத்தி சின்னப்பாப்பா. மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிறவள். அவள் பேசினால் போனில் முதலில் காற்றுதான் வரும்.

"காத்து பலமா இருக்கு போலிருக்கே?"

"ஆமாம்மா. இது அடிச்சாத்தான் உப்பு எறங்கும். எனக்கு அந்தப் பாட்டு போடுங்கம்மா."

எந்தப் பாட்டு என்று சொல்ல வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் ஊரே கூடிக் கைதட்டி ஆடுகிற பழைய படப் பாட்டு. ஒருமுறை ஃபர்ஹானா சிரித்துக்கொண்டே கேட்டாள்: "வேற பாட்டே புடிக்காதாம்மா உங்களுக்கு?"

"எனக்கு எல்லாமே புடிக்கும். எம் பொண்ணுக்கு இதான் புடிக்கும். செந்தமிழுக்குன்னு சொல்லிப் போடுங்க."

பெண் எங்கோ வாழ்க்கைப்பட்டுப் போயிருக்கிறாள், அம்மா பாசத்தில் கேட்கிறாள் என்றுதான் ஃபர்ஹானா நினைத்திருந்தாள்.

மே மாதம் ஒரு புதன்கிழமை. இரண்டு பாட்டு முடிந்திருந்தது. திரையில் சின்னப்பாப்பாவின் நம்பர் வந்ததும் ஃபர்ஹானா உற்சாகமாக எடுத்தாள்.

"வாங்கம்மா, எங்க ரெண்டு வாரமா ஆளையே காணோம்?"

காற்றுச் சத்தம் இல்லை. யாரோ நாற்காலிகளை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு ஆண் குரல்.

"நான் கலியமூர்த்தி பேசறேங்க. சின்னப்பாப்பா வூட்டுக்காரரு."

"வணக்கம்யா. அம்மா எங்க?"

"காலையில போயிட்டாம்மா."

"உப்பளத்துக்கா?"

அந்தப் பக்கம் மறுபடியும் நாற்காலி இழுபட்டது. பிறகு அவர் சொன்னார்.

"எறந்துட்டாம்மா. உப்பு வாரிக்கிட்டு இருந்தவ நெஞ்சு வலிக்குதுன்னு பாத்தி ஓரமா உக்காந்தா. தூக்கிட்டுப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பணியிலிருந்த அதிகாரி சித்தார்த்தன் எழுந்துவிட்டார். கையை ஆட்டி, இணைப்பைத் துண்டித்துப் பாட்டைப் போடச் சொன்னார். தனிப்பட்ட செய்தி எதுவும் ஒலிபரப்பாகக் கூடாது, சாவுச் செய்தி கூடவே கூடாது. ஒருமுறை எவனோ விளையாட்டுக்கு, உயிரோடு இருந்தவரைச் செத்துவிட்டதாகச் சொல்லி, அந்த வீட்டில் ரகளையாகிவிட்டது. அதிலிருந்து கண்டிப்பு அதிகம்.

கலியமூர்த்தி பேசிக்கொண்டே இருந்தார். "எம் பொண்ணு எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாதும்மா. நம்பரையும் மாத்திடுச்சு. ஆனா ரேடியோ கேக்கும், தன் பேச்சு அதுக்குப் போய்ச் சேரும்னு இவ நம்பிக்கிட்டு இருந்தா. அதான் ஒங்களுக்கு அடிச்சேன்."

குரலைக் குறைக்கிற பட்டன் ஃபர்ஹானாவின் விரலுக்குக் கீழே இருந்தது. கொஞ்சம் கீழே தள்ளினால் போதும், மரக்காணத்து வீடு காணாமல் போய்விடும். அவள் விரலை எடுத்தாள்.

"நீங்களே சொல்லிடுங்கய்யா. பொண்ணுகிட்ட என்ன சொல்லணுமோ சொல்லுங்க."

அவர் மூச்சை இழுத்துக்கொள்வது கேட்டது.

"செந்தமிழு, அப்பன் பேசறேன். வேற சாதியில கட்டிக்கிட்டன்னு, இந்த வாசப்படிய மிதிக்காதன்னு நான்தான் சொன்னேன். ரேடியோல ஒங்கம்மா ஒம் பேரச் சொல்றப்பல்லாம் நான் எழுந்து வெளிய போயிடுவேன். இப்ப நானே சொல்றேன். வா. கட்டிக்கிட்டவனையும் கூட்டிக்கிட்டு வா. எவனும் ஒண்ணும் சொல்ல மாட்டான். நாளைக்குக் காலையில எடுக்கறோம். அதுக்குள்ள வந்துடும்மா."

"பாட்டு என்ன போடட்டும்யா?"

"அவ கேக்கறதப் போடுங்க."

"அது கல்யாணப் பாட்டுய்யா..."

"தெரியும். அதையே போடுங்க."

பாட்டு ஓடத் தொடங்கியது. நாதஸ்வரமும் கைதட்டலும் ஹெட்போனில் கேட்கக் கேட்க ஃபர்ஹானா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள். சித்தார்த்தன் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"என்ன மேடம் இது? பொய்யா இருந்தா யார் பதில் சொல்றது?"

"பொய் இல்ல சார். அந்த அம்மா நம்பரு. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா மட்டும்? இனிமே நீங்க அதப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது. புரியுதா?"

அவள் தலையசைத்தாள். அடுத்த அழைப்பு கிளியனூரிலிருந்து. டீக்கடை வைத்திருக்கிற பக்கிரி.

"எந்தப் பாட்டுங்க வேணும்?"

"எனக்குப் பாட்டு வேணாம் மேடம். அந்தப் பொண்ணு கேட்டுச்சோ இல்லியோ. என் நேரத்துல அத இன்னொரு தடவ சொல்லிடுங்க."

ஃபர்ஹானா கண்ணாடியைப் பார்த்தாள். சித்தார்த்தன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் சொல்ல முடியாதுங்க," என்றாள் அவள்.

"அப்ப நான் சொல்றேன். எம்மா செந்தமிழு, மரக்காணம் கலியமூர்த்தி பொண்ணு, ஒங்கம்மா தவறிட்டாங்க. யாருக்காவது அந்தப் பொண்ணத் தெரிஞ்சா சொல்லி அனுப்புங்கப்பா."

அதற்கடுத்துப் பெருமுக்கல்லிலிருந்து ஒருவர். பிறகு கூனிமேட்டிலிருந்தே உம்மு சல்மா என்ற பெண், "அந்தம்மாவுக்காக துஆ செய்யறேன், அந்தப் புள்ள வந்து சேரணும்," என்று சொல்லி, தன் பாட்டையும் வேண்டாம் என்றாள். ஒவ்வொருவராகச் செய்தியைச் சொல்லிவிட்டு வைத்தார்கள். நிலையத்தில் இருந்தவர்களில் யாரும் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. சித்தார்த்தன் இணைப்பைத் துண்டிக்கவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டார்.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது அவர் வராந்தாவில் நின்றிருந்தார்.

"மேல இருந்து கேப்பாங்க. முதல் ஆள நீங்க விட்டீங்க. மத்தவங்கள நான் விட்டேன். அப்படியே சொல்லிடலாம்."

"என் டியூட்டிய நிறுத்திடுவாங்களா சார்?"

"கொஞ்ச நாளைக்கு நிறுத்தலாம்," என்றார். பிறகு, "நாளைக்கு நீங்க அங்க போவீங்களா?" என்று கேட்டார்.

அவள் போனாள். கலியமூர்த்தியின் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, சின்னப்பாப்பாவைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஃபர்ஹானா நினைத்திருந்ததைவிடச் சின்ன உடம்பு. வெயிலில் கறுத்த முகம், உப்பில் வெடித்த விரல்கள். இத்தனை வருஷம் பேசியும் அந்த முகத்தை இப்போதுதான் பார்க்கிறாள். புர்காவில் வந்து நின்றவளைப் பெண்கள் யாரென்று தெரியாமல் பார்த்தார்கள். "நான் கூனிமேட்டுல இருந்து வர்றேங்க," என்று அவள் சொன்னதுமே, ஆராயி என்ற வயதான பெண் நிமிர்ந்தாள்.

"ரேடியோ மேடமா? கொரலு தெரியுதே. வாம்மா, பக்கத்துல உக்காரு."

கலியமூர்த்தி பந்தலில் இல்லை. தெருமுனையில், சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் ஏறிக்கொண்டே போனது. மேளக்காரர்கள் அடித்து ஓய்ந்து நிழலில் உட்கார்ந்தார்கள். ஊர்க்காரர்கள் இரண்டு பேர் அவரிடம் போனார்கள்.

"ஏம்பா, எவ்ளோ நேரம்? அது வராதுப்பா. எடுத்துடலாம்."

"இருங்க."

"பெட்டிக்காரன் வேற பெட்டியக் கேக்கறான்."

"இருங்கன்னு சொல்றேன்ல."

இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தார்கள். பிறகு அவரைக் கேட்காமலேயே பெட்டியைத் திறந்தார்கள். பெண்களின் அழுகை உயர்ந்தது. உடலைப் பாடையில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, தெருமுனையில் ஒரு காலி உப்பு லாரி வந்து நின்றது. பெட்ரோல் பங்க் சீருடையில் ஒரு பெண் அதிலிருந்து குதித்து இறங்கினாள். சட்டைப் பையின் மேல் பெயர் அட்டை.

லாரிக்காரர் கீழே இறங்கி யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "நேத்து ரேடியோல கேட்டேங்க. இன்னிக்கி காலையில கிளியனூர் தாண்டி டீசல் போட நிறுத்தறேன், இந்தப் பொண்ணு சட்டையில செந்தமிழ்னு போட்டிருக்குது. நீ மரக்காணமாம்மான்னு கேட்டேன். அதுக்கு ஒண்ணுமே தெரியல. நேத்து லீவாம், ரேடியோ கேக்கலியாம்."

ஒரு மணி நேரப் பயண தூரத்தில்தான் அந்தப் பெண் இத்தனை நாளும் இருந்திருக்கிறாள்.

கலியமூர்த்தி மகளை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினார். அவள் அந்தக் கைகளைத் தொடவில்லை. அவரைக் கடந்து ஓடிப் பந்தலுக்குள் வந்து, அம்மாவின் முகத்தின் மேல் முகத்தை வைத்தாள். சத்தமே வரவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது. கட்டிக்கொண்டிருந்தவர்கள் கயிற்றை விட்டு விலகி நின்றார்கள்.

வெகுநேரம் கழித்து அவள் எழுந்தபோது கலியமூர்த்தி எதிரே நின்றார்.

"நான் பண்ணது..."

"இப்ப பேசாதப்பா."

அவர் தெருவைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: "மாப்ள வரலியா?"

அந்த வார்த்தைக்கு அவள் சட்டென்று அவர் முகத்தைப் பார்த்தாள். அதுவரை அவள் பார்க்கவில்லை.

"வேலையில இருக்கறாரு. சொல்லிட்டேன். பஸ்ஸுல வர்றாரு."

"வரட்டும்," என்றார். "வழி தெரியாது அவருக்கு. யாராவது ரோட்டுல நில்லுங்கப்பா."

பாடையைத் தூக்கினார்கள். பெண்கள் வழக்கம்போல் தெருமுனையில் நின்றுவிட்டார்கள். செந்தமிழ் நிற்கவில்லை. ஒருவர் திரும்பி, "பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வரக் கூடாதும்மா," என்றார்.

"அவ வரட்டும்," என்றார் கலியமூர்த்தி.

"மூர்த்தி, ஊரு வழக்கம்னு..."

"அவ வரட்டும்யா."

உப்பளத்தின் ஓரமாகப் போகிற மண்பாதையில் ஊர்வலம் திரும்பியது. வெயிலில் பாத்திகள் கண்ணைக் கூசவைத்தன. வேலையில் இருந்தவர்கள் வாருபலகையைக் கீழே வைத்துவிட்டு வரப்பில் எழுந்து நின்றார்கள். அப்பாவும் மகளும் பாடைக்குப் பின்னால், ஒருவரையொருவர் தொடாமல், ஒரே வேகத்தில் நடந்தார்கள். ஃபர்ஹானா ஆராயியின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் கண்ணுக்கு மறையும்வரை அங்கேயே நின்றாள்.