ஊர்ப் பேரை மாற்றிப் போட்ட கிரகணம்

நேரலை ஓடும்போது டிவி நிலையத்தின் கட்டுப்பாட்டு அறைக் கதவு திறக்காது. வாசலில் சிவப்பு விளக்கு எரியும். உள்ளே இருப்பவர் உள்ளே, வெளியே இருப்பவர் வெளியே. செல்போனைக்கூட வாசலில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டுத்தான் வரவேண்டும். ஒருமுறை முக்கியமான பேட்டிக்கு நடுவே யாருடைய போனோ குத்துப்பாட்டு பாடிவிட்டதாம். அன்றைக்குச் செய்தி ஆசிரியர் போட்ட சட்டம் இது. தான் போட்ட சட்டத்தைத் தானே நினைத்தாலும் மாற்றமாட்டார், அப்படி ஒரு மனிதர்.

அந்த அறையின் மூலையில், சுவருக்கும் மேசைக்கும் நடுவே செய்தித் துணை ஆசிரியை உட்கார்ந்திருந்தாள். திரையின் அடியில் ஓடும் எழுத்துச் செய்தி அவள் பொறுப்பு. காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது அவள் போட்ட வரிதான்: 'நமது நகரில் இன்று முழு சூரிய கிரகணம். சூரியன் முழுவதும் மறைந்ததும் கிரகணக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறும் கண்ணால் பார்க்கலாம்.'

வரியில் குறை ஒன்றும் இல்லை, அது இந்த ஊருக்கு எழுதப்பட்டதல்ல என்பதைத் தவிர. கடல் தாண்டி எங்கோ இருக்கும் ஒரு நகரத்துக்காகச் செய்தி நிறுவனம் அனுப்பியது. "ஊர்ப் பேரை மட்டும் மாத்திப் போடு, வேலை முடிஞ்சுது" என்பது அந்த அலுவலகத்தில் தினமும் காதில் விழுகிற பேச்சு. விலைவாசிச் செய்திக்கும் காய்ச்சல் செய்திக்கும் அது ஒத்து வந்தது. நிலா என்ன, அலுவலகத்துக்கு அடங்கியதா?

எதிரே இருந்த திரையில் இப்போதுதான் வரைபடம் வந்தது. நிழல் விழும் கறுப்புப் பட்டை இந்த ஊரைத் தொடாமல் வெகுதூரம் தள்ளிப் போயிற்று. இங்கே சூரியனில் ஒரு கீற்று மிச்சம் இருக்கும். கண்ணைப் பொசுக்க அந்தக் கீற்றே போதும்.

பக்கத்துத் திரையில் பள்ளிக்கூட மைதானம். நேரலை அங்கிருந்துதான். கறுப்புக் கண்ணாடி மாட்டிய பிள்ளைகள் அண்ணாந்து நின்றார்கள். முதல் வரிசையில் இரட்டைச் சடையோடு நின்றது அவள் பெற்ற மகள்.

"சார், நான் போட்டது தப்பு. இங்க முழுசா மறையாது. கண்ணாடியைக் கழட்டினா பிள்ளைங்க கண்ணு போயிடும்."

அறையின் நடுவே இருந்த செய்தி ஆசிரியர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "காலையிலேருந்து ஒண்ணு சொல்லிட்டு இப்ப மாத்தினா நம்ம மானம் கப்பலேறிடும். முடிஞ்சப்புறம் திருத்தம் போட்டுக்கலாம்."

"முடிஞ்சப்புறம் போட்டு என்ன சார் பிரயோஜனம்? அங்க என் பொண்ணு நிக்கறா."

"உட்காரும்மா. நேரலை போயிட்டிருக்கு."

அவரைக் கேட்காமலே பழைய வரியை அழித்துப் புது வரி போட்டாள். அது ஓடத்தான் ஓடியது. ஆனால் மைதானத்தில் நிற்கிறவர்கள் டிவியா பார்ப்பார்கள்? ஊரே பார்க்கும், திரைக்குள் இருப்பவர்களைத் தவிர. கதவைப் பார்த்தாள். சிவப்பு. போனும் வெளியே பெட்டிக்குள்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல நாம எல்லாரும் கண்ணாடியைக் கழட்டப் போறோம்" என்று மைதானத்தில் செய்தியாளன் முழங்கினான். முறுக்கு மீசை, ஆஜானுபாகுவான ஆள். ஆனாலும் அலுவலகம் முழுக்க அவன் பெயர் கிளி. காதில் மாட்டிய கருவியில் எதைச் சொன்னாலும் அப்படியே ஒப்பிப்பான். நடுவில் மூளைக்கு அனுப்பி நேரத்தை வீணாக்கமாட்டான். அதைச் சொல்லி அதிகம் சிரித்தவள் இவள்தான்.

கிளியின் காதோடு பேசும் பட்டன் ஆசிரியர் முன்னால் இருந்தது. அவள் எழுந்து போய், அவர் தோளுக்கு மேலே குனிந்து அதை அழுத்தினாள்.

"கிளி, யாரும் கண்ணாடியைக் கழட்டக் கூடாது. நாங்க போட்ட செய்தி தப்பு."

"யாரும் கண்ணாடியைக் கழட்டக் கூடாது. நாங்க போட்ட செய்தி தப்பு" என்றான் கிளி, அதே முழக்கத்தில், ஊரறிய.

கண்ணாடிக்குப் போன கைகள் இறங்கின. ஆசிரியர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் விரலை எடுக்கவில்லை. ஏனென்றால் ஒரு கை மட்டும் இன்னும் இறங்கவில்லை.

"இல்ல சார், கழட்டலாம்" என்றாள் இரட்டைச் சடைக்காரி. "எங்க அம்மாதான் அதை எழுதினாங்க. எங்க அம்மா தப்பா எழுத மாட்டாங்க."

எந்த அதிகாரி திட்டியும் துணை ஆசிரியை இப்படிக் கூனிக்குறுகியதில்லை.

"பாப்பா, அம்மா பேசறேன். அம்மா தப்பா எழுதிட்டேன். கழட்டாதடா கண்ணு."

கிளி மண்டியிட்டு உட்கார்ந்தான். "பாப்பா, அம்மா பேசறேன்" என்றான், அந்த மீசையோடு, அந்தக் கட்டைக் குரலில். "அம்மா தப்பா எழுதிட்டேன். கழட்டாதடா கண்ணு."

கட்டுப்பாட்டு அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிறுமி அந்த மீசையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கண்ணாடியை மூக்கோடு அழுத்திக்கொண்டாள்.

"சரி. இனிமே பாத்து எழுதும்மா" என்று அவனிடம் சொன்னாள்.

ஆசிரியரின் முகம் கறுத்திருந்தது. "வெளிய போ" என்றார் இவளிடம். கதவு திறக்காது என்பது அதற்குப் பிறகுதான் இருவருக்கும் நினைவு வந்தது. அவள் தன் மூலைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். திரையில் சூரியன் ஒரு கீற்றை மட்டும் மிச்சம் வைத்திருந்தது.