நாலாவது வரியில் ஒரு மைனஸ்

முப்பத்தேழாவது விடைத்தாளைப் புரட்டினார் விரிவுரையாளர் சுயம்புலிங்கம். முதல் முப்பத்தாறு தாள்களிலும் இருந்த அதே வாக்கியம் இதிலும் இருந்தது: ‘படம் 12-ல் காட்டியபடி.’ எந்தத் தாளிலும் படம் இல்லை. துறைத்தலைவர் சுந்தரராமன் பதினெட்டு வருடங்களாக வகுப்பில் வாசித்து எழுதிக்கொள்ளச் சொல்லும் நோட்ஸில் அந்த வரி உண்டு. பையன்கள் படத்தை விட்டுவிட்டு வரியை மட்டும் உருப்போட்டிருந்தார்கள். யாரோ மென்று துப்பியதை இலை இலையாகத் தன் முன்னால் பரிமாறுவதைப் போலிருந்தது அவருக்கு.

முப்பத்தெட்டாவது தாள் அப்துல் வஹீதுடையது. அதில் படம் இருந்தது. ஒரு குழாய், அதற்குள் நடுவில் நீண்டும் ஓரங்களில் குட்டையாகவும் அம்புக்குறிகள். குழாய்க்குள் அமைதியாக ஓடும் நீரின் வேகம் நடுவில் எவ்வளவு, ஓரத்தில் எவ்வளவு என்று கணக்கிடும் சூத்திரத்தை வருவிக்கச் சொன்ன கேள்வி. பதினாறு மதிப்பெண்.

சுயம்புலிங்கம் பழக்கத்தில் நாலாவது வரிக்குப் போனார். உராய்வைப் பற்றிய வரி. வஹீத் அங்கே ஒரு மைனஸ் போட்டிருந்தான். நோட்ஸில் மைனஸ் கிடையாது. சிவப்புப் பேனாவை அந்தக் குறியின் மேல் வைத்தவர், அழுத்தாமல் நிறுத்தினார்.

நடுவிலிருந்து சுவரை நோக்கிப் போகப் போக நீரின் வேகம் குறைகிறது. குறைகிறது என்றால் மைனஸ் வரத்தானே வேண்டும்? ஒரு துண்டுக் காகிதத்தில் நோட்ஸில் உள்ளபடியே கணக்கைப் போட்டுப் பார்த்தார். ஏழாவது வரியில் நீர் பின்னோக்கி ஓடியது. எட்டாவது வரியில் ‘எல்லை நிபந்தனைகளின்படி’ என்று எழுதிவிட்டு, நோட்ஸ் அந்தப் பின்னோக்கிய மைனஸை ஓசைப்படாமல் விழுங்கியிருந்தது. விடை சரியாக வந்துவிட்டது. முப்பத்தேழு பேரும் அதே இடத்தில் அதே சொல்லை எழுதி விழுங்கியிருந்தார்கள்.

வஹீத் எதையும் விழுங்கவில்லை. பதினாறையும் கொடுத்துக் கூட்டியதில் அவனுக்கு மொத்தம் நாற்பத்து மூன்று வந்தது. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து. இந்தப் பாடத்தில் தவறினால் மூன்றாம் வருடம் முழுவதையும் மறுபடி படிக்க வேண்டும் என்பது கல்லூரி விதி.

துறைத்தலைவர் பார்வைக்குப் போன மதிப்பெண் பட்டியல் இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது, வஹீதின் பதினாறு அடிக்கப்பட்டுப் பச்சை மையில் இரண்டு என்று இருந்தது. மொத்தம் இருபத்தொன்பது. சுயம்புலிங்கம் தாளை எடுத்துக்கொண்டு துறைத்தலைவர் அறைக்குப் போனார்.

“சார், நம்ம நோட்ஸ்ல நாலாவது வரியில மைனஸ் விட்டுப்போச்சு. இந்தப் பையன் சரியாப் போட்டிருக்கான்.”

சுந்தரராமன் விரலிடுக்கில் இருந்த பொடியை நிதானமாக உறிஞ்சிக்கொண்டார். “விடை வரதோல்லியோ?”

“வருது சார். எட்டாவது வரியில ஏமாத்தில்லா வருது.”

“ஏமாத்தறதுன்னெல்லாம் பெரிய வார்த்தை வேண்டாம் ஓய். பதினெட்டு வருஷமா இதை எழுதிண்டு போனவாதான் ஊரூரா இன்ஜினீயரா இருக்கா. எந்த ஊர்க் குழாயில தண்ணி டேங்குக்குத் திரும்பிப் போச்சு?” தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். மீசையில் பொடி ஒட்டியிருந்தது.

“அவனுக்குப் பதினாறு குடுக்கணும் சார்.”

“குடுப்போம். அப்புறம் மத்த நாப்பது பேருக்கும் நாலாவது வரிக்கும் எட்டாவது வரிக்கும் வெட்டணுமே? வெட்டினா பன்னண்டு பேர் காலி. பிரின்சிபால் கூப்பிட்டு நோட்ஸ் யாரோடதும்பார்.” குரலைத் தாழ்த்தினார். “அறுபத்தொண்ணுல எங்கிட்டப் படிக்கறச்சே நீரும் இதே எட்டாவது வரியை எழுதித்தானே மெடல் வாங்கினீர்? திருப்பிக் குடுத்துடறீரா?”

ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடையில் சுயம்புலிங்கத்தின் அப்பா அந்த மெடலுக்குக் கண்ணாடி போட்டு, சேலை பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். அந்த வரியை அன்றைக்கு எழுதும்போது ஒரு கணமாவது யோசித்தோமா என்று சுயம்புலிங்கம் நினைத்துப் பார்த்தார். இல்லை.

“பையனோட வருஷம் போகணும்னு எனக்கென்ன ஆசையா? ஆறு மார்க் கிரேஸ் போட்டுடறேன். பாஸாயிடுவான். எல்லாருக்கும் நல்லது. போடும் கையெழுத்தை.”

போட்டார். தயங்கவில்லை, அதுதான் அவருக்கு அருவருப்பாக இருந்தது.

முடிவுகள் ஒட்டிய அன்று பலகை முன்னால் கூட்டம். கிரேஸில் தேறியவர்கள் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போடுவது அந்தக் கல்லூரியின் வழக்கம். வஹீத் பெயருக்குப் பக்கத்தில் மட்டும்தான் அது இருந்தது.

“இன்னா மச்சி, பிச்ச மார்க்குல தப்பிச்சிக்கினியா!” என்று ஒருவன் அவன் முதுகில் தட்டினான். வஹீத் கூட்டத்தைப் பிளந்து வெளியே வந்தான். சுயம்புலிங்கத்தைப் பார்த்ததும் நின்றான்.

“சார், அந்தப் பதினாறு மார்க் கேள்வி முழுசா கரீக்டுன்னு நெனச்சேன். ரெண்டே மார்க்குதான் வந்துக்குது. இன்னா தப்புன்னே பிரியல சார்.”

“பாஸாயிட்டல்லா? போ.”

அவன் போகவில்லை. “மைனஸ் போட்டது தப்பா சார்? சுவத்தாண்ட தண்ணி ஓடாது இல்ல? அத்த வச்சுதான் போட்டேன்.”

தப்பில்லை என்று சொல்லச் சுயம்புலிங்கம் வாயைத் திறந்தார். சொன்னால் அடுத்து அவன் கேட்கப்போவது, பிறகேன் இரண்டு போட்டீர்கள் என்பது. பட்டியலின் அடியில் இருப்பது தன் கையெழுத்து. பலகைக்கு அந்தப் பக்கம் சுந்தரராமன் யாரோடோ சிரித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

“நோட்ஸ்ல இல்லாதத ஏம்ல எழுதுத?” என்றார் சுயம்புலிங்கம். கோபம் வரும்போது மட்டும் எட்டிப்பார்க்கும் ஊர்ப்பேச்சு.

வஹீத் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு அவரை நம்புகிற முகத்தோடு நிமிர்ந்தான்.

“சரி சார். இனிமே நோட்ஸ்ல கீறத அப்டியே எழுதிடறேன். கிரேஸ் நீங்கதான் கேட்டு வாங்கிக் குடுத்தீங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்கோ. ரொம்ப தாங்க்ஸ் சார்.”

அதில் கேலி ஒரு துளிகூட இல்லை. அவன் படியிறங்கிப் போகும்வரை சுயம்புலிங்கம் நின்றார். பிறகு கட்டடத்தின் பின்பக்கம் வேலியோரமாகப் போய்க் காறித் துப்பினார். வாயில் ஒன்றுமில்லை. மறுபடியும் துப்பினார்.