வைர ஊசி தேயுமா?

"மாளு, உன் கிரகப்பிரவேசத்துல நான் பாடலைடி. வேற யாரையாவது ஏற்பாடு பண்ணிக்கோ" என்று மகள் மாளவிகாவிடம் போனில் சொல்லிவிட்டுக் கோமளம் மூக்கை உறிஞ்சினாள்.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன இசைத்தட்டால் வந்த வினை. கல்லூரி நாளில் அவள் பாடிப் பதிவான ஒரே தட்டு, வருஷக்கணக்காகப் பீரோவில் கிடந்தது. வேளச்சேரியில் மகள் வீட்டில் பாடப்போகிறோமே, ஒரு தரம் கேட்டுவிட்டுப் போகலாம் என்று ஆசையாக எடுத்துப் போட்டாள். மேல் ஸ்தாயிக்குப் போன இடமெல்லாம் குரல் கரகரவென்று பிசிறடித்தது. இந்தக் குரலையா மயிலாப்பூரே மெச்சியது? முகஸ்துதியை நிஜமென்று நம்பிவிட்டோமே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கணவர் சுந்தரராமன் சும்மாவாவது இருந்திருக்கலாம். "அன்னிக்கு உனக்கு ஜலதோஷமா இருந்திருக்கும்" என்று ஆறுதல் சொல்லி, அவள் மனசு மாறட்டும் என்று தான் தினமும் கேட்கும் ஒரு வித்வானின் தட்டைப் போட்டார். அவருக்கும் அதே கரகரப்பு. நாகஸ்வரம் போட்டார். அதுவும் கரகரத்தது.

கோமளம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஏன்னா, எல்லாருக்குமா ஜலதோஷம்? இந்த ரெக்கார்ட் பிளேயர் ஊசியை எப்போ மாத்தினேள்?"

"மாத்தறதாவது! அது வைர ஊசிடி. வைரம் எங்கயாவது தேயுமா? உங்கம்மா போட்ட தோடு உன் காதுல அப்படியே மின்னலையா?"

"தோட்டைக் காதுல போட்டுண்டிருக்கேன். தினம் தட்டுல வெச்சா தேய்ச்சிண்டிருக்கேன்?"

மறுநாளே மனிதர் ஊசியைக் கழற்றிக்கொண்டு தி.நகருக்கு ஓடினார். கடைக்கார லாரன்ஸ் அதை லென்ஸில் பார்த்துச் சிரித்தார். "இன்னா சார், ஊசின்னு உளியக் கொண்டாந்துகீற! தெனம் பாட்டு கேட்டா ரெண்டு வருசத்துக்கு ஒருதபா மாத்திடணும். இல்லாங்காட்டி தட்டையே செதுக்கிடும்."

புது ஊசி வந்தது. கோமளத்தின் தட்டு சுழன்றது. அடடா, என்ன குரல்! மேல் ஸ்தாயியில் துளிப் பிசிறு இல்லை. கோமளம் பூரித்துப்போய், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மாளவிகாவை ஸ்பீக்கர் போனில் கூப்பிட்டாள். "கேளுடி, உங்கம்மா குரலை!"

மாளவிகா கேட்டாள். சரணம் வந்தது. "அம்மா, நன்னா இருக்கு. ஆனா அந்த எடத்துல ஸ்ருதி விலகறதே?"

சுந்தரராமன் நைசாக மின்விசிறியைப் பார்த்தார். கோமளம் வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஆமாண்டி, அது ஊசி இல்லே, நானேதான்! மைக்கைப் பார்த்ததும் பயந்துட்டேன். உன் ஆத்துல சரியாப் பாடிடறேன், பாரு!"