இரண்டாவது உறை

அன்றைய தபால் கட்டைப் பிரித்த தபால்காரம்மா ஓர் உறையைத் தனியே எடுத்து வைத்தாள். மூன்றாம் மாடி நர்சம்மாவுக்கு வங்கியிலிருந்து மெல்லிய உறை ஒன்று வந்திருந்தது. பன்னிரண்டு வருஷ வேலையில் அவள் விரல்களுக்கே இது பழக்கம். முதலில் தடித்த உறையில் கார்டு வரும். இரண்டு நாள் கழித்து மெல்லிய உறையில் அதற்கான ரகசிய எண் வரும்.

தடித்த உறையை அவள் நர்சம்மாவிடம் கொடுக்கவில்லை. முந்தாநாள் படிக்கட்டின் அடியில் நின்ற ஒருவன், "நான் அவங்க மாப்பிள்ளைதான்க்கா. முட்டிவலியோட எதுக்கு ஏறுறீங்க, குடுங்க" என்றான். நல்ல பிள்ளை என்று நினைத்து நீட்டிவிட்டாள். இன்று காலை பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. நர்சம்மாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை!

அந்தக் கணக்கில் இருப்பது நர்சம்மாவின் கண் ஆபரேஷனுக்கான பணம். முப்பது வருஷம் அடுத்தவர் படுக்கையருகில் கண் விழித்துச் சேர்த்தது. "அடுத்த மாசம் உன் மூஞ்சியைத் தெளிவா பாப்பேன்டி, அதுக்குள்ள கொஞ்சம் அழகாகிக்கோ" என்று போனவாரம்கூடச் சிரித்தாள்.

படிக்கட்டின் அடியில் அவன் நின்றிருந்தான்.

"வாங்கக்கா. எங்கத்தைக்கு இன்னிக்கும் ஏதாச்சும் வந்திருக்கா?"

இல்லை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் பொய் பழகாத நாக்கு உண்மையைச் சொல்லிவிட்டது. "இருக்குப்பா. அவங்க கையிலதான் குடுக்கணும்."

"நான் என்ன மூணாம் மனுஷனா? முட்டிவலி என்னாச்சு?"

"இன்னிக்குத் தேவலை."

ஏறினாள். பின்னால் செருப்புச் சத்தம். அவள் நின்றால் அதுவும் நின்றது. இரண்டாம் மாடியில் மூச்சு வாங்கியபோது, அவன் மூச்சும் பிடரியில் பட்டது போலிருந்தது. மூன்றாம் மாடியில் மணியை அழுத்தினாள். சுவரைத் தடவித் தடவி நர்சம்மா வந்து சேர நேரமாகும்.

அவன் பக்கத்தில் வந்து கையை நீட்டினான். குரல் தணிந்திருந்தது. "குடுத்துடுங்கக்கா. தினமும் தனியா இந்தத் தெருவுலதானே நடக்குறீங்க?"

உறையை மார்போடு அணைத்துக்கொண்டாள். 'ஆண்டவரே, இந்த ஒரு கதவை மட்டும் திறந்துவிடும்.'

தாழ்ப்பாள் நகர்ந்தது. மங்கலாகத் தெரிந்த இரண்டு உருவங்களைப் பார்த்து, "கூட யாருடி?" என்றாள் நர்சம்மா.

"உங்க மாப்பிள்ளையாம்மா!"

"எனக்கா? என்னையே பொண்ணு பாக்க ஒருத்தனும் வரலை, எனக்கு மாப்பிள்ளையா?" மாடி முழுக்கக் கேட்கும்படி சிரித்தாள். எதிர்வீட்டுக்காரர் முகச்சவர நுரையோடு எட்டிப் பார்த்தார். செருப்புச் சத்தம் தடதடவென்று கீழே இறங்கியது.

அவன் போன பிறகுதான் தபால்காரம்மாவுக்கு உண்மையான பயம் வந்தது. "கார்டை அவன்கிட்ட குடுத்தது நான்தாம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

நர்சம்மா உடனே வங்கிக்குப் போன் போட்டாள். காலையில் யாரோ தப்பான எண்ணைப் போட்டு இரண்டு தடவை முயன்றிருக்கிறார்களாம். பணம் போகவில்லை, கார்டை முடக்கிவிட்டோம் என்றார்கள். கார்டு எப்படிக் கைமாறியது என்று கேட்டார்கள். நர்சம்மா போனைக் கையால் மூடினாள். "வழியில காணாமப் போச்சுன்னு சொல்லிடவா? உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

தபால்காரம்மா கண்ணைத் துடைத்தாள். "வேணாம்மா. நான் குடுத்தேன்னே சொல்லுங்க. அவன் அடையாளம் எனக்குத்தான் தெரியும். மறைச்சா நாளைக்கு வேற வீட்டுப் படியில நிப்பான்."

நடந்ததை வங்கியிடம் அப்படியே சொல்லியாயிற்று. ஆனால் கீழே இறங்கக் கால் வரவில்லை. நர்சம்மா கதவைப் பூட்டிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வா, தெருமுனை வரைக்கும் நானும் வர்றேன்."

"கண்ணு தெரியாம நீங்க எப்படிம்மா..."

"எனக்கு எதுவும் தெரியாதுங்கறது அவனுக்குத் தெரியாதுல்ல? நட."

இருவரும் ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். கீழே வாசல் கதவு கிறீச்சிட்டது. இருவர் கைகளும் இறுகின. நிற்காமல் இறங்கினார்கள்.